தலைக்காயத்துக்குப் பின்: வீட்டில் தொடங்கும் சிகிச்சை

ஆந்திரத்தின் குப்பம், ராமகுப்பம் வட்டாரம் மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகம். சந்தைக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் இங்குள்ளவர்கள் பைக்கிலேயே எல்லை தாண்டிப் போய் வருகிறார்கள். அதனால் இங்கே ஒருவருக்குத் தலையில் அடிபட்டால் விபத்து ஒரு மாநிலத்தில் நடக்கும். முதல் ஸ்கேன் இன்னொன்றில் எடுப்பார்கள். அறுவை சிகிச்சை பெங்களூரிலோ வேலூரிலோ திருப்பதியிலோ நடக்கும். கடைசியில் ஆள் வந்து சேர்வது ராமகுப்பத்து வீட்டுக்குத்தான்.

உயிரைக் காப்பாற்றும் வேலை பெரும்பாலும் சில நாட்களில், ஆஸ்பத்திரியில் முடிந்துவிடுகிறது. காப்பாற்றிய உயிர் எப்படி வாழப்போகிறது என்பதை அடுத்து வரும் மாதங்கள் தீர்மானிக்கின்றன. அந்த மாதங்களில் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் மனைவி, அம்மா, அண்ணன், மகள். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

1. டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற சந்தோஷத்தில் கேள்வி கேட்க மறந்துவிடுவோம். கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

- மூளையில் எந்தப் பக்கம், எந்தப் பகுதியில் காயம்? ரத்தக்கட்டு இருந்ததா, அதை எடுத்தார்களா?
- விபத்தன்று கிளாஸ்கோ அளவு (நினைவு நிலையை அளக்கும் மதிப்பெண்) எவ்வளவு?
- மண்டையோட்டு எலும்பை எடுத்திருந்தால் அதை எங்கே வைத்திருக்கிறார்கள், திரும்ப எப்போது பொருத்துவார்கள்?
- வலிப்பு மாத்திரை எத்தனை நாளைக்கு? அதை யாரைக் கேட்டு நிறுத்துவது?
- வாயால் சாப்பிடலாமா? எந்தப் பதத்தில்?
- பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, நினைவுப் பயிற்சி ஆகியவற்றில் எது தேவை?
- அடுத்து என்றைக்கு வரவேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. ஸ்கேன் படம் அல்லது குறுந்தகடு, மாத்திரைச் சீட்டு, விபத்து வழக்கு என்றால் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) எண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு தாளையும் போனில் படம் பிடித்து, வீட்டில் இரண்டு பேரிடம் வைத்திருங்கள். ஊர் மாறி, மாநிலம் மாறி மருத்துவரைப் பார்க்கும் நமக்கு அந்தக் கோப்புதான் நோயாளியின் வரலாறு. அது இல்லாமல் போனால் புதிய மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

2. காயத்தின் அளவைப் புரிந்துகொள்வது

கிளாஸ்கோ அளவை 1974-இல் ஸ்காட்லாந்தின் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தார்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தருவார்கள். மிகக் குறைவு 3, முழு மதிப்பெண் 15. 13 முதல் 15 வரை லேசான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது.

விபத்தன்று வந்த அந்த எண்ணை வைத்து மட்டும் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது. கண் விழித்த பிறகும் எத்தனை நாள் குழப்பத்தில் இருந்தார், காலையில் நடந்ததை மாலையில் நினைவில் வைக்க எத்தனை நாள் ஆயிற்று என்பதும் முக்கியம். அந்த நாட்கள் கூடக்கூட மீட்சி மெதுவாகும். நாட்குறிப்பில் எழுதி வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மீட்சி முதல் ஆறு மாதங்களில் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. ஒன்று, இரண்டு வருடம் கழித்தும் முன்னேறுகிறவர்கள் உண்டு. ஆகவே ஆறாம் மாதத்தில் யாராவது “இனி அவ்வளவுதான்” என்று சொன்னால் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

லேசான காயம் என்று சொல்லி அன்றே அனுப்பப்பட்டவர்களுக்கும் தலைவலி, தலைசுற்றல், தூக்கக் குறைவு, எரிச்சல், கவனச் சிதறல் சில வாரங்கள் இருக்கலாம். அது நடிப்பு இல்லை. ஓரிரு நாள் ஓய்வு கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக வேலையைக் கூட்டுங்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். பாத்ரூமில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்ட பாட்டிக்கு மூன்று வாரம் கழித்து நடை தடுமாறலாம், பேச்சு குழறலாம். மூளையின் மேல் மெல்ல மெல்ல ரத்தம் சேர்வது அதற்குக் காரணமாக இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுங்கள். காலத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய பிரச்சினை இது.

3. முதல் மாதம்: உடலைக் காப்பது

*படுக்கைப் புண்.* தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பின் பின்பக்கம், முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் பாரம் போடக் கூடாது. காற்று மெத்தை உதவும். ஆனால் மெத்தை இருக்கிறது என்று புரட்டுவதை விட்டுவிடக் கூடாது.

*சாப்பாடு.* தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ, சாப்பிட்ட பிறகு குரல் கரகரத்தாலோ உணவு மூச்சுக்குழாய்க்குப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். தண்ணீரைவிடக் கெட்டியான ராகிக் கூழ் பலருக்கு எளிதாக இறங்கும். எந்தப் பதம் சரி என்பதை விழுங்கும் திறனைப் பரிசோதித்தவர் சொல்லட்டும். மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தாலும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். குழாய் வெளியே வந்துவிட்டால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள்.

*கைகால்.* செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவி, வருடக்கணக்கில் வலி தரும். பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்தபடி ஒவ்வொரு மூட்டையும் தினம் இரண்டு வேளை மெதுவாக அசைத்துவிடுங்கள். பாதம் கீழ்நோக்கி இறுகிப்போனால் நடை திரும்புவது கஷ்டம். அதனால் கணுக்காலைத் தனியாகக் கவனியுங்கள்.

*எலும்பு இல்லாத பக்கம்.* மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் அந்தப் பக்கம் மூளைக்கு மேல் தோல்தான் காப்பு. அந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். எழுந்து நடக்கத் தொடங்கியதும் மருத்துவர் சொல்லும் காப்புத் தொப்பியைப் போட்டுவிடுங்கள். எலும்பைத் திரும்பப் பொருத்தும் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

4. உடனே 108 அழைக்க வேண்டிய அறிகுறிகள்

- எழுப்பினால் எழாத தூக்கம், அல்லது முன்னைவிட மந்தம்
- திரும்பத் திரும்ப வாந்தி. கூடிக்கொண்டே போகும் தலைவலி
- ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது
- புதிதாக ஒரு கை, ஒரு கால் பலவீனம்
- மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் ஒழுகுவது
- காய்ச்சலோடு கழுத்து விறைப்பு

நன்றாகத் தேறி வந்தவர் சில மாதம் கழித்து நடை தடுமாறி, அறியாமல் சிறுநீர் கழித்து, மந்தமானால் மூளையில் நீர் தேங்கியிருக்கக்கூடும். அதற்கும் சிகிச்சை உண்டு. காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

5. வலிப்பு வந்தால்

தலைக்காயத்துக்குப் பிறகு மாதங்கள், வருடங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். நேரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ 108.

மாத்திரை தீர்ந்துபோவதாலும், வலிப்பே இல்லையே என்று தானாக நிறுத்துவதாலும்தான் பல வலிப்புகள் வருகின்றன. கடைசி அட்டை பாதியானதும் அடுத்ததை வாங்கி வையுங்கள். மதுவை முற்றிலும் விட வேண்டும். அது வலிப்பைத் தூண்டும், தடுமாறி விழச் செய்யும், கோபத்தையும் கூட்டும்.

6. கண்ணுக்குத் தெரியாத காயம்

கை திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது, ஊரார் “சரியாயிட்டாரே” என்கிறார்கள். ஆனால் மனைவிக்கு மட்டும் தெரிகிறது, இவர் பழைய ஆள் இல்லை. சின்ன விஷயத்துக்குச் சாப்பாட்டுத் தட்டை வீசுகிறார். காலையில் சொன்னதையே பத்து முறை சொல்கிறார். பணத்தைக் கண்டவருக்கெல்லாம் கொடுக்கிறார். இல்லையென்றால் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருக்கிறார். தலைக்காயக் குடும்பங்களை அதிகம் உடைப்பது இதுதான்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி கோபத்தை அடக்குவது, திட்டமிடுவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது ஆகியவற்றைக் கவனிக்கிறது. பைக் விபத்துகளில் அந்தப் பகுதிதான் எளிதில் அடிபடுகிறது. ஆகவே அந்தக் கோபம் உங்கள் மேல் உள்ள வெறுப்பு இல்லை. அந்தச் சோம்பல் திமிர் இல்லை. பேய் பிடிக்கவும் இல்லை. கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், மனதுக்குத் தைரியம் வரும். ஆனால் மந்திரிக்க மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள்.

*குழப்பத்தில் இருக்கும்போது* வாதாடாதீர்கள், சோதிக்காதீர்கள். “நான் யார் சொல்லுங்க பார்ப்போம்” என்று ஒவ்வொரு உறவினரும் கேட்பது நோயாளியை வதைக்கும். நீங்களே சொல்லுங்கள்: “அப்பா, இது நம்ம வீடு. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆயிடுச்சு. நான் உங்க பொண்ணு.” பார்க்க வருகிறவர்கள் ஒரு நேரத்தில் ஒருவர் அல்லது இருவர் போதும். டிவியை அணைத்துவிடுங்கள்.

*கோபம் வரும்போது* அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பசி, களைப்பு, சத்தம், அவசரம், வலி, மலச்சிக்கல் ஆகிய ஆறில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைச் சரிசெய்தால் கோபம் குறையும். வெடிக்கும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, பேச்சை மாற்றி, இடத்தைவிட்டு நகருங்கள். அடிக்க வந்தால் குழந்தைகளோடு வெளியே வந்துவிடுங்கள். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதற்கு மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு.

*மறதிக்கு* மூளையைத் திட்டுவதால் பயன் இல்லை. வீட்டை மாற்றி அமைக்க வேண்டும். சாவிக்கு ஒரே ஆணி, மாத்திரைக்கு ஒரே டப்பா, சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, சுவரில் பெரிய எழுத்துக் காலண்டர், போனில் அலாரம். ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கும்போது ஊகித்துத் தவறாகச் செய்ய விடாமல், ஒவ்வொரு படியையும் சரியாகச் செய்துகாட்டி, திரும்பத் திரும்பச் செய்ய வையுங்கள். மறதி அதிகமுள்ளவருக்குத் தவறும் சேர்ந்தே பதிந்துவிடும்.

*கவனத்தை வளர்க்க* நம் சமையலறையே போதும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் வகுக்கப்பட்ட மூளைப் பயிற்சிகளில் கலந்த தானியங்களைப் பிரிப்பதும் ஒன்று. வேர்க்கடலையும் அவரையும் போன்ற பெரிய, நிறம் மாறுபட்ட இரண்டை ஒரு கைப்பிடி கலந்து தட்டில் வையுங்கள். பத்து நிமிடம் பிரிக்கட்டும். எடுத்துக்கொண்ட நேரத்தையும் தவறுகளையும் எழுதுங்கள். தவறு குறைந்ததும் மூன்று தானியம். பிறகு துவரையும் கடலைப் பருப்பும் போல ஒன்றுபோலத் தெரிபவை. அடுத்த படியாகச் செய்தித்தாளில் ஒரு குறிப்பிட்ட எழுத்தை மட்டும் அடிக்கச் சொல்லலாம். களைப்பு தெரிந்த உடனே நிறுத்துங்கள். தினம் இரண்டு முறை கால் மணி நேரம் செய்வது, வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் செய்வதைவிட நல்லது.

*களைப்பு* தலைக்காயத்தின் நேரடி விளைவு. மதியம் கட்டாய ஓய்வு, இரவு ஒரே நேரத்தில் தூக்கம். முக்கியமான பயிற்சியைக் காலையில் வையுங்கள்.

7. பேச்சு போனவருக்கு எந்த மொழி?

ராமகுப்பத்தில் வீட்டில் தமிழ், பள்ளியிலும் மண்டல ஆபீஸிலும் தெலுங்கு என்று வாழ்கிறவர்கள் பலர். பெங்களூரில் வேலை பார்த்தவர் கன்னடமும் பேசுவார். மூளையின் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சு பாதித்தால் எந்த மொழி முதலில் திரும்பும்? பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர் பித்ரே, ஒருவர் அதிகம் புழங்கிய மொழியே முதலில் வரும் என்று 1895-இல் எழுதினார். பிறகு பார்த்த நோயாளிகள் பலரிடம் எல்லா மொழிகளும் சேர்ந்தே மீண்டன. சிலரிடம் ஒன்று முந்தியது.

எந்த மொழியில் ஒரு சொல் வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். “தமிழ்ல சொல்லு” என்று வற்புறுத்தாதீர்கள். சின்ன வாக்கியமாகப் பேசி, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேள்வி கேளுங்கள். பேச முடியாதவர்கள் சிலர் பழகிய பாட்டைப் பாடுவார்கள். அது நல்ல தொடக்கம். பேச்சுப் பயிற்சியாளரிடம் முதல் நாளே வீட்டு மொழி எது என்று சொல்லுங்கள்.

8. எங்கே போவது

*குப்பம்.* பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அரசு மருத்துவமனையும் அருகில் உள்ளவை. முதலுதவிக்கும் தொடர் பிசியோதெரபிக்கும் பக்கத்தில் இருப்பதே பலம். வாரம் மூன்று நாள் போய்வரக்கூடிய இடத்தில் செய்யும் பயிற்சி, எப்போதோ ஒருமுறை போகும் பெரிய ஆஸ்பத்திரிப் பயிற்சியைவிடப் பலன் தரும்.

*பெங்களூரு.* ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மூளை, நரம்பு, மனநலம் மூன்றுக்குமான மத்திய அரசு நிறுவனம். அங்கே நரம்பியல் மறுவாழ்வுத் துறை உண்டு. நினைவு, கவனம், குணமாற்றம் ஆகியவற்றைச் சோதித்துப் பயிற்சி தரும் உளவியலாளர்கள் உண்டு. ஆறாம் பகுதியில் சொன்ன பிரச்சினைகளுக்குப் போக வேண்டிய இடம் இது. குப்பத்திலிருந்து ரயிலிலேயே பெங்களூரு போகலாம்.

*வேலூர்.* இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) தொடங்கினார். மறுவாழ்வு மருத்துவம் அங்கே வளர்ந்ததற்கு டாக்டர் மேரி வர்கீஸ் காரணம். 1954-இல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது. விபத்தோடு வாழ்க்கை முடியவில்லை என்பதைத் தன் உடம்பிலேயே காட்டியவர் அவர். உறவினரும் உடனிருந்து பராமரிப்பைக் கற்றுக்கொண்டு திரும்புவது அங்கே வழக்கம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம் என்பது நமக்கு இன்னொரு வசதி. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய சி.எம்.சி. ராணிப்பேட்டை வளாகத்தில் விபத்துச் சிகிச்சை மையம் உண்டு. ரயிலில் போகிறவர்கள் காட்பாடியில் இறங்க வேண்டும்.

*திருப்பதி.* ஸ்விம்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை உண்டு. தேவஸ்தானத்தின் பேர்ட் மருத்துவமனை கைகால் அறுவை சிகிச்சைக்கும் தாங்கு கருவிகளுக்கும் பெயர்பெற்றது.

9. ஆராய்ச்சி சொல்வதும், பணத்தை எதில் போடக்கூடாது என்பதும்

தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல நாடுகளில் முப்பது ஆண்டுக்கு மேல் வழக்கமாக இருந்தது. கிராஷ் என்ற ஆய்வு பல நாடுகளில் 10,008 பேரிடம் அதைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டது: ஊசி போட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். அந்தப் பழக்கம் அதோடு நின்றது. வீரியமான ஊசி போடச் சொல்லி மருத்துவரை நெருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். 2019-இல் வந்த கிராஷ்-3 ஆய்வு 12,737 பேரிடம் டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தைச் சோதித்தது. லேசான, நடுத்தரக் காயமுள்ளவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் தலைக்காய மரணம் குறைகிறது. தாமதமாகத் தாமதமாகப் பயன் குறைகிறது. தனி வண்டி தேடாமல் 108-ஐ அழைப்பது ஏன் முக்கியம் என்று இதிலிருந்து புரியும்.

சிட்டிகோலின் மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கும் குடும்பங்கள் நிறைய. அமெரிக்காவில் 1,213 பேரிடம் நடந்த ஆய்வு, தலைக்காய மீட்சியில் அதனால் கூடுதல் பயன் இல்லை என்று 2012-இல் சொன்னது. நீங்களாக நிறுத்தாதீர்கள், “இது அவசியமா, அந்தப் பணத்தைப் பிசியோவுக்குச் செலவழிக்கலாமா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதே ஆண்டு 184 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், நினைவு முழுதாகத் திரும்பாதவர்களுக்கு அமான்டடின் என்ற மருந்து மீட்சியின் வேகத்தைக் கூட்டியது. அது பொருந்துமா என்று கேட்கலாம்.

ஸ்டெம் செல் ஊசியால் மூளை புதுப்பிக்கப்படும் என்ற விளம்பரத்தை நம்பி நிலத்தை விற்காதீர்கள். தலைக்காயத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி அதைச் சோதனையாகத்தான் செய்யலாம். சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

10. பணமும் காகிதமும்

- *சாலை விபத்து என்றால்* மத்திய அரசின் 2025 திட்டப்படி, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. எந்த மாநிலத்தில் அடிபட்டாலும் கேளுங்கள்.
- *என்.டி.ஆர். வைத்திய சேவை* (முன்பு ஆரோக்கியஸ்ரீ) அட்டையை எடுத்துப் போங்கள். மாநிலத்துக்கு வெளியே எந்த மருத்துவமனை ஏற்கும் என்பதை அந்தத் திட்டத்தின் உதவியாளரான ஆரோக்கியமித்ராவிடம் முன்கூட்டியே கேளுங்கள்.
- *நஷ்டஈடு.* எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, எல்லா பில்களும் வேண்டும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள். விபத்து தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சித்தூர் மாவட்டத்து மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடச் சட்டம் இடம் தருகிறது. நினைவு, குணம் சார்ந்த பாதிப்புக்கு உளவியல் பரிசோதனை அறிக்கையைச் சேர்க்காவிட்டால், கைகால் நன்றாக இருப்பவருக்குப் பாதிப்பே இல்லை என்று கணக்கிடுவார்கள்.
- *இடித்த வண்டி தெரியாவிட்டாலும்* கடுமையான காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு.
- *மாற்றுத்திறனாளி சான்று.* 2016 சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் என்று தனி வகை இல்லை. கைகால் செயலிழப்பு, பேச்சுக் குறை, மனநலப் பாதிப்பு என விளைவை வைத்தே சான்று தருவார்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். 40 சதவீதம் என்பது பெரும்பாலான உதவிகளுக்கு எல்லைக்கோடு.
- *ஓய்வூதியம்.* ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000, படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முற்றிலும் முடங்கியவர்களுக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தியது. கிராமச் சச்சிவாலயத்தில் விண்ணப்பிக்கலாம்.
- *இலவசச் சட்ட உதவி* பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிமை. எண் 15100.

11. வேலைக்கும் வெளியுலகத்துக்கும்

மருத்துவர் அனுமதிக்கும் வரை பைக், டிராக்டர் கூடாது. வலிப்பு வர வாய்ப்புள்ளவர் கிணற்றோரம் தனியாகப் போவது, மரம் ஏறுவது, ஏரியில் தனியே குளிப்பது, புல் வெட்டும் மெஷினில் கை வைப்பது, அடுப்பருகே தனியாக இருப்பது எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். அதற்காகச் சும்மா உட்கார வைக்காதீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம், தக்காளி தரம் பிரிக்கலாம், பட்டுப்புழுவுக்கு இலை போடலாம். முதலில் ஒரு மணி நேரம், துணைக்கு ஒருவர். பிறகு நேரத்தைக் கூட்டலாம். பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை என்றால் ஆசிரியரைப் பார்த்து, படிப்பு மெதுவாவது காயத்தால்தான் என்று விளக்குங்கள்.

திரும்ப வண்டி ஓட்டும் நாளில் ஹெல்மெட் கட்டாயம். அது தலைக்காய ஆபத்தை ஏறக்குறைய 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. அடிபட்ட மூளை இரண்டாவது அடியைத் தாங்காது.

12. பார்த்துக்கொள்கிறவரைப் பார்த்துக்கொள்வது

பெரும்பாலான வீடுகளில் இந்தச் சுமை ஒரே பெண்ணின் மேல் விழுகிறது. இரவில் புரட்டிப் போடுவதும் அவர், பகலில் மாடு கறப்பதும் அவர், கடன்காரருக்குப் பதில் சொல்வதும் அவர். ஆறு மாதத்தில் அவர் படுத்துவிட்டால் நோயாளியின் மீட்சியும் படுத்துவிடும். எனவே வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து வேலையைப் பிரியுங்கள். இரவு மாற்றிப் போடுவது யார், மருந்து வாங்குவது யார், பயிற்சி கொடுப்பது யார் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாரத்தில் ஒரு பொழுது அவருக்கு முழு ஓய்வு வேண்டும். அடிபடும் முன் இருந்த கணவரை இழந்த துக்கம், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போதும் வரும். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இந்த வாரமே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். காகிதங்களை ஒரு கோப்பில் சேர்த்துப் படம் எடுங்கள். தினசரிப் பயிற்சிக்கு நேரம் குறித்து, யார் செய்வது என்று முடிவு செய்யுங்கள். கோபம், மறதி, மந்தம் என்று நீங்கள் இதுவரை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டதை எழுதி, அடுத்த முறை போகும்போது முதல் விஷயமாகச் சொல்லுங்கள். அடிபட்டவர் முழுதாகப் பழையபடி ஆவாரா என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் பயிற்சி தொடரும் வீட்டில் இருப்பவர், கைவிடப்பட்டவரைவிட நிச்சயம் நன்றாக வாழ்வார். அந்தப் பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.